உப்பு பூத்த நிலத்தில் முண்டு மிளகாய்

கேள்வி: கடலோரத் தோட்டத்தில் முண்டு மிளகாய் நட்டால் இலை ஓரம் கருகிச் சாகிறது. மண்ணில் வெள்ளை பூக்கிறது. ஜிப்சம் போடலாமா? (வாசகர், திருப்புல்லாணி)

பதில்: மண்ணைச் சோதிக்காமல் ஜிப்சத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். அது களர் நிலத்துக்கான மருந்து. அதிலுள்ள கால்சியம், மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விடுவிக்கும். வெள்ளை பூப்பது பெரும்பாலும் உவர் நிலம். அங்கே கரைந்து கிடக்கும் உப்பை நீர்தான் கழுவ வேண்டும். பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைக் கிணற்றுத் தண்ணீரோடு ஆய்வகத்துக்குக் கொடுங்கள். மின்கடத்துத்திறன் (EC, கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) மீட்டருக்கு 4 டெசிசீமனுக்கு மேல் என்றால் உவர். கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டினால் களராக இருக்கலாம், அப்போது ஜிப்சத்தின் அளவை ஆய்வகத்திடமே கேளுங்கள்.

உவர் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையை விடாதீர்கள். வரப்பை உயர்த்தித் தண்ணீரைத் தேக்குங்கள். தாழ்ந்த பக்கம் வடிகால் அவசியம். வடியாத தண்ணீர் காய்ந்ததும் உப்பு மேலேறிவிடும்.

பலரும் தவறுவது நடவில்தான். ஈரம் பாரின் (நாற்று நட அணைத்த மண்மேட்டின்) உச்சிக்கு ஏறி ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்குகிறது. ஆகவே நாற்றை உச்சியில் நடாமல் பக்கச் சரிவில் நடுங்கள். வைக்கோல் மூடாக்கு போடுங்கள். நாற்றங்காலுக்கும் நட்ட முதல் வாரங்களுக்கும் பண்ணைக்குட்டை நீரை ஒதுக்கி வையுங்கள். இளம் வேர் உப்பைத் தாங்காது.

சாம்பல் சத்து உரத்தில் மியூரியேட் பொட்டாஷ் வேண்டாம், அதில் குளோரைடு உண்டு. சல்பேட் பொட்டாஷ் போடுங்கள். கிணற்றை ஒரேயடியாக இறைக்காமல் விட்டுவிட்டு இறையுங்கள். நல்ல நீர் குறைந்தால் அடியிலுள்ள கடல்நீர் மேலே வரும்.