குச்சிக்கிழங்குக் காட்டிலேயே கிடக்கிறது கணிகப் பாடம்

வணக்கம்ங்க அம்மா. பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் செல் பாடத்தில் கணிகங்களை (செடியின் செல்லுக்குள் இருக்கும் பிளாஸ்டிட் என்ற நுண்ணிய உறுப்புகளை) மாற்றி மாற்றி எழுதுகிறாள், காமர்ஸுக்கே மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ராசிபுரத்துப் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடு இருப்பதாகவும் சொன்னீர்கள். முதலில் அந்தக் காட்டுக்கு அவளை அனுப்புங்கள்.

ஒரு கிழங்கைப் பிடுங்கி, தோலுரித்துத் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியில் பிழியட்டும். அந்தப் பாலை ஆட்டாமல் வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளையாக மாவு தங்கும். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் எடுப்பதும் இதே மாவைத்தான். மருந்துக்கடை டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகிவிடும். அவ்வளவையும் செல்லுக்குள் சேர்த்து வைத்தவை நிறமில்லாத வெளிர்கணிகங்கள். மாவைச் சேர்ப்பது அமைலோபிளாஸ்ட், எண்ணெயைச் சேர்ப்பது எலயோபிளாஸ்ட், புரதத்தைச் சேர்ப்பது அலுரோபிளாஸ்ட். கையால் பிழிந்து பார்த்த பிள்ளைக்கு இது மறக்காதுங்க.

அந்த மாவுக்கு வேண்டிய சர்க்கரை மேலே இலையில், பச்சையம் உள்ள பசுங்கணிகத்தில் தயாராகிறது. அதற்குள் கிரானா என்ற அடுக்குகளில் வெயில் பிடிபடும். சுற்றியுள்ள ஸ்ட்ரோமா என்ற திரவத்தில் கரியமில வாயு சர்க்கரையாகும். மூன்றாவது, நிறம் தரும் வண்ணக்கணிகம். தக்காளி பழுக்கும்போது பசுங்கணிகமே வண்ணக்கணிகமாக மாறி, லைகோபீன் என்ற சிவப்பு நிறமி சேர்ந்து சிவக்கிறது. உருளைக்கிழங்கை வெயிலில் போட்டால் தோல் பச்சை தட்டுவதும் வெளிர்கணிகம் பசுங்கணிகமாவதால்தான். ஒன்று இன்னொன்றாக மாறும் என்பது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஈரோட்டு மஞ்சளை மட்டும் உதாரணமாக எழுதிவிட வேண்டாம். அந்த நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது, வண்ணக்கணிகத்தில் இருக்கும் கரோட்டினாய்டு நிறமியால் அல்ல.

உங்கள் பயம் நீட் பற்றியது என்று எனக்குப் புரிகிறது. பயாலஜி எடுத்தால் டாக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று நம் ஊரில் நினைத்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை, தோட்டக்கலை போன்ற இளநிலைப் படிப்புகளுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனமும் அதே ஊரில்தான் இருக்கிறது. இந்தச் செல் பாடம் தெரிந்தவர்களுக்கு அங்கெல்லாம் வேலை உண்டு.

குரூப் மாற்றும் மனுவில் இப்போது கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அடுத்த பரீட்சைத் தாள் வந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு வாங்க, உட்கார்ந்து பேசுவோம்.