குணம் திருடனைக் கூப்பிடுமா?

கேள்வி: ஐயா, சம்பளம் எடுத்த அன்று இரவு டவுனிலிருந்து குறுக்குப் பாதையில் வந்த என் தம்பியை அடித்துக் காசைப் பறித்துவிட்டார்கள். போன வருடம் ஃபோன் போனது. லொத்தர் விழுந்திருக்கிறது என்று வந்த அழைப்பை நம்பியும் காசு கட்டியிருக்கிறான். கோபக்காரன், கையில் காசு தங்காது, குடியும் உண்டு. "அவன் குணத்துக்கு வேண்டியதுதான்" என்று லயத்தில் பேசுகிறார்கள். அது சரியா?
- ஓர் அக்கா, பொகவந்தலாவை

பதில்: வேண்டியதுதான் என்பது அநியாயம், மகள். அடித்தவன்தான் குற்றவாளி. நீதிமன்றத்தில் வேலை பார்த்த காலத்தில் இந்தப் பேச்சை நிறையக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பயந்தே பலர் பொலிசுக்குப் போவதில்லை. திருடனுக்கு அதைவிட வசதி வேறென்ன?

ஆனால் குணத்துக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். குணம் திருடனைக் கூப்பிடுவதில்லை. ஆளைத் திருடன் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் கோஹனும் ஃபெல்சனும் 1979இல் எழுதினார்கள்: திருட நினைப்பவன், திருடத்தக்க பொருள், காவலுக்கு ஆளில்லாமை, மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் குற்றம் நடக்கும். சம்பளம் 10ஆம் திகதி என்பது தோட்டத்தில் யாருக்குத்தான் தெரியாது? உங்கள் தம்பி சட்டைப்பையில் நோட்டு வெளியே தெரிய, தவறணை மூடும்வரை இருந்துவிட்டு, தேயிலைக்கு நடுவே தனியாக இறங்கியிருப்பார். மூன்றும் சேர்ந்தாயிற்று.

ஒழுங்கானவர்கள் தப்புகிறார்களா என்றால் அதுவும் இல்லை. காலையில் எல்லாரும் கொழுந்துக்குப் போனபின் பூட்டிய காம்பராவில் தோடு போகிறதே, அங்கே யார் குணத்தைக் குறை சொல்வது? அமெரிக்காவிலும் பெண்கள் வேலைக்குப் போய்ப் பகலில் வீடுகள் வெறுமையானபோது வீடுடைப்பு கூடியதைத்தான் அந்த இருவரும் காட்டினார்கள்.

சுயகட்டுப்பாடு குறைந்தவர்கள் குற்றத்துக்கு ஆளாவதும் கூடுதல் என்று 1999இல் ஷ்ரெக் என்பவர் எழுதினார். பிறகு 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தொடர்பு இருக்கிறது, ஆனால் பெரிதல்ல. எங்கே போகிறார், யாரோடு திரிகிறார் என்பதையும் கணக்கில் எடுத்தால் அது இன்னும் குறைகிறது. இணைய மோசடி போல ஆளுக்கு ஆள் முகம் பார்க்காத குற்றங்களில்தான் அவசர புத்தி கூடுதலாக வேலை செய்கிறது. லொத்தர் அழைப்பு அந்த வகைதான்.

ஆகவே குணத்தை மாற்றும் வேலையைப் பிறகு பார்க்கலாம். முதலில் வழியை மாற்றுங்கள். சம்பளத்தன்று டவுனுக்குப் போகுமுன் செலவுக்காசு போக மீதியை உங்களிடம் தரட்டும். அல்லது வங்கியில் கிடக்கட்டும். திரும்பும்போது கூட்டாளிகளோடு பெரிய ரோட்டால் வரட்டும். குடிக்காதே என்று சொன்னால் சண்டைதான் வரும், இதற்குச் சம்மதிப்பார். பரிசு தர முன்பணம் கேட்கிறவனிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் அழைப்பை வெட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், காசு கட்டிய ரசீதோடு பொலிசுக்குப் போங்கள். அடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடித்திருந்தார் என்பதற்காக முறைப்பாட்டை எடுக்காமல் விட முடியாது. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வாசித்துப் பார்த்தபின்தான் தம்பி கையெழுத்துப் போட வேண்டும்.