மறு: சூரியன் கருந்துளையானால் பூமியை உறிஞ்சிவிடுமா?

இதை நினைத்து உங்கள் மகள் பயந்து தூங்காமல் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். உறிஞ்சாதுங்க. 'துளை' என்ற சொல்தான் குழப்புகிறது. அது ஓட்டை இல்லை. பெரும் நிறை மிகச் சிறிய இடத்தில் நெருங்கிக் கிடப்பது. சூரியனை அப்படி நெருக்கினால் ஆரம் சுமார் 3 கிலோமீட்டர்தான். நிறை மாறாததால், 15 கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பூமி அதே பாதையில்தான் சுற்றும். வெளிச்சமும் சூடும் இருக்காது, அவ்வளவே.

நம் விண்மீன் மண்டலமான பால்வெளியின் நடுவில் சுமார் 40 லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. எஸ்2 என்ற விண்மீன் அதை 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது, உள்ளே விழவில்லை! இதை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். கருந்துளையைச் சுற்றி நிகழ்வெல்லை என்று ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டினால்தான் ஒளிகூடத் திரும்பாது.

அதோடு, சூரியன் கருந்துளையாகவே ஆகாது. அதற்கு நிறை போதாது. கடைசியில் எரிபொருள் தீர்ந்து சுருங்கி, வெண் குறுமீன் என்ற சிறிய விண்மீனாகும், அதற்கும் பல நூறு கோடி ஆண்டுகள் இருக்கின்றன.