பாதிப் பொட்டு தெரியாது, அது சகஜம்

கேள்வி: அப்பாவுக்கு கிளாக்கோமா (கண் நரம்பைப் பாதிக்கும் நோய்) முற்றிவிட்டது. ஃபீல்டு டெஸ்ட் (நடுவில் பார்த்தபடி, ஒளிப்பொட்டு தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தும் பார்வைப்பரப்புச் சோதனை) ரிப்போர்ட் பெரும்பாலும் கறுப்பாகவே, அதாவது பார்வை இல்லை என்றே வருகிறது. இப்போது டாக்டர் ‘10-2’ என்ற இன்னொரு வகை ஃபீல்டு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். “ஒண்ணும் தெரியலை, எதுக்குத் திரும்பத் திரும்ப?” என்று சலித்துக்கொள்கிறார் அப்பா. தேவையா?

பதில்: தேவைதான். வழக்கமான 24-2 டெஸ்டில் மொத்தம் 54 புள்ளிகள், 6 டிகிரிக்கு ஒன்று என்று தள்ளித் தள்ளி இருக்கும். நடுவில் கொஞ்சம் மட்டும் பார்வை மிஞ்சியவருக்கு அந்த இடத்தில் விழுவது சில புள்ளிகளே, அதை வைத்து நோய் நின்றதா நகர்கிறதா என்று எப்படிச் சொல்வது? 10-2 அந்த நடுப்பகுதியை மட்டும் 2 டிகிரி இடைவெளியில் 68 புள்ளிகளாகத் துழாவிப் பார்க்கும். அப்பா படிப்பதும் முகம் பார்ப்பதும் அந்த இடத்தை வைத்துத்தானே! அதிலும் தடுமாறினால் ஒளிப்பொட்டை மூன்றாம் அளவிலிருந்து ஐந்தாம் அளவுக்கு மாற்றுவார்கள், பரப்பில் 16 மடங்கு பெரிது. ஆனால் அப்படி மாற்றினால் பழைய ரிப்போர்ட்டோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

அப்புறம், அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொட்டை மங்கலாக்கிப் பார்ப்பதுதான் அந்த மெஷினின் வேலை, நல்ல கண்ணே ஏறக்குறைய பாதியைத் தவறவிடும். பொட்டைத் தேடி கண்ணை அலையவிடாமல் நடுவிலேயே பார்க்கட்டும், தாராளமாக இமைக்கலாம். களைத்துப்போனால் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் பல மெஷின்களில் டெஸ்ட் நிற்கும், முதலிலேயே டெக்னீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.