டிரில் பிட்டோடு சேர்ந்து சுற்றும் ரிவெட்டை எப்படி எடுப்பது?

கேள்வி: எங்கள் மொட்டை மாடிக் கதவு இரும்பு ஆங்கிள் (L வடிவப் பட்டை) சட்டத்தில் தகடு வைத்து ரிவெட் அடித்தது. அடிப்பக்கத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. அதை மட்டும் மாற்றலாம் என்று டிரில் மெஷினால் ரிவெட்டை எடுக்கப் பார்த்தேன். சில ரிவெட்டுகள் பிட்டோடு சேர்ந்து சுற்றுகின்றன. சிலவற்றில் பிட் வழுக்கிப் போய்த் தகட்டைக் கீறுகிறது. துரு நீக்கும் ஸ்பிரே அடித்தும் பலனில்லை. கதவையே மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா? – ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: முதலில் ஆங்கிள் சட்டத்தைப் பாருங்கள். துருவைச் சுரண்டிவிட்டு, பழைய ஸ்குரூ டிரைவர் முனையால் கீழ்மூலைகளில் அழுத்திக் குத்துங்கள். முனை உள்ளே இறங்கவில்லை என்றால் சட்டம் நன்றாக இருக்கிறது, கதவை மாற்றத் தேவையில்லை. தகடு மட்டும் மாற்றினால் போதும்.

ஸ்பிரே ஏன் உதவவில்லை என்றால், ரிவெட்டில் மரை கிடையாது. அது திருகிக் கழலும் பொருளே அல்ல. ஒரு பக்கம் தலை, மறுபக்கம் நசுங்கி விரிந்த வால். இந்த இரண்டும்தான் தகட்டைப் பிடித்திருக்கின்றன. ஆகவே ரிவெட் முழுவதையும் துளைத்தெடுக்கப் பார்க்காதீர்கள். தலையை மட்டும் எடுங்கள். மிச்சம் பின்பக்கமாக விழுந்துவிடும், சட்டத்தில் உள்ள ஓட்டை அளவு மாறாமல் தப்பிக்கும். அந்த ஓட்டைகள்தான் புதுத் தகடு பூட்டும்போது உங்களுக்கு அளவுகோல்.

அடுத்து, எந்த வகை ரிவெட் என்று பாருங்கள். தலை நடுவில் சின்னக் குழியோ, துருப்பிடித்த புள்ளியோ இருந்தால் அது பாப் ரிவெட். ரிவெட் கன் வைத்து அடித்தது. குழி இல்லாமல் உருண்டையாக இருந்தால் சுத்தியலால் அடித்த பழைய இரும்பு ரிவெட். இடையில் யாராவது பழுது பார்த்திருந்தால் ஒரே கதவில் இரண்டும் இருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் கதவும் அப்படித்தான் தெரிகிறது.

பாப் ரிவெட்டின் உடல் பெரும்பாலும் அலுமினியம், அதற்குள் உடைந்து நிற்கும் ஆணித்துண்டு இரும்பு. மெத்தென்ற அலுமினியத்தின் நடுவில் கெட்டியான இரும்பு இருப்பதால்தான் பிட் அதன்மேல் நிற்காமல் பக்கவாட்டில் வழுக்குகிறது. எனவே டிரில்லைத் தொடுவதற்கு முன், மெல்லிய பஞ்ச்சையோ (சுத்தியலால் தட்டும் இரும்புக் குச்சி) முனை மழுக்கிய ஆணியையோ அந்தக் குழியில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி ஆணித்துண்டைப் பின்பக்கம் தள்ளிவிடுங்கள். இப்போது பிட் உட்கார அளவான குழி கிடைத்துவிடும்.

டிரில் மெஷினில் சுத்தியல் படம் போட்ட ஹேமர் நிலை இருக்கும். அதை அணைத்துவிட்டு டிரில் நிலைக்கு மாற்றுங்கள். சுவரில் ஓட்டை போடும் பிட்டும் இதற்கு ஆகாது. அது செங்கல்லையும் கான்கிரீட்டையும் உடைக்கத்தான், இரும்பைச் சீவாது. உலோகத்துக்கான ஹெச்.எஸ்.எஸ். பிட் என்று கேட்டு வாங்குங்கள். பாப் ரிவெட்டின் உடல் வழக்கமாக 3.2, 4 அல்லது 4.8 மி.மீ. இருக்கும், தலை ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. தலை 8 மி.மீ. அகலமிருந்தால் 4 மி.மீ. பிட் போடுங்கள். மெதுவான வேகம், நேரான பிடி, கொஞ்சம் அழுத்தம், ஒரு சொட்டு எண்ணெய். உலோகம் சுருள் சுருளாக வந்தால் பிட் வெட்டுகிறது. கிறீச்சென்று சத்தம் மட்டும் வந்தால் சும்மா தேய்க்கிறது. நிறுத்தி பிட்டை மாற்றுங்கள். சிறிது நேரத்தில் தலை மட்டும் வளையம்போலக் கழன்று பிட்டில் மாட்டிக்கொள்ளும். உடனே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் ஓட்டை பெரிதாகிவிடும்.

சரி, சேர்ந்தே சுற்றும் ரிவெட்டுக்கு வருவோம். துரு தின்று ஓட்டை தளர்ந்துவிட்டதால் அது சுழல்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் வெட்டுப்படாமல் சூடுதான் ஏறும். கதவின் பின்பக்கம் கை போகுமென்றால், வாலை வைஸ் கிரிப் பிளேயரால் (பிடித்த பிடியில் பூட்டிக்கொள்ளும் பிளேயர்) இறுக்கிப் பிடித்துக்கொண்டு துளையிடுங்கள். ஆங்கிளுக்குள் பிளேயர் போகாத இடத்தில், தலைக்கும் தகட்டுக்கும் இடையில் பட்டையான ஸ்குரூ டிரைவரைச் செருகி லேசாக நெம்பியபடி ஒருவர் பிடிக்க, இன்னொருவர் துளையிடலாம். அப்படியும் சுற்றினால் டிரில்லை வைத்துவிட்டு, கூரான உளியைத் தலைக்கு அடியில் படுக்கையாக வைத்து அடியுங்கள். அலுமினியத் தலை சீவிக்கொண்டு போய்விடும். தகட்டில் கீறல் விழும்தான், ஆனால் எப்படியும் தூக்கிப்போடப் போகிற தகடுதானே. சட்டத்தில் கீறல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரும்பு ரிவெட்டுக்கு, இரும்பைத் தேய்க்கும் 4 இன்ச் கை கிரைண்டர்தான் சுலபம். உருண்டைத் தலையை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து வாருங்கள். தலை காகிதம்போல் மெலியும்போது நடுவில் மெல்லிய வட்டக் கோடு ஒன்று தெரியும். அதுதான் தண்டின் விளிம்பு. அங்கே நிறுத்திவிட்டு உளியால் தட்டினால் மிச்சத் தலை உதிர்ந்துவிடும். கிரைண்டர் இல்லாதவர்கள் தலை உச்சியை அரத்தால் தட்டையாக்கி, சென்டர் பஞ்ச்சால் (கூர்முனைப் பஞ்ச்) நடுவில் குழி குத்தி, முதலில் 3 மி.மீ. பிட், அப்புறம் பெரிய பிட் என்று போகலாம். நேரமாகும், ஆனால் வேலை நடக்கும்.

தலை போன பிறகு தண்டைத் தட்டி வெளியேற்ற வேண்டும். பின்னால் தாங்கல் இல்லாமல் அடித்தால் கதவு அதிரும், சட்டம் வளையும். ரிவெட் வாலைவிடப் பெரிய ஓட்டையுள்ள பழைய நட் ஒன்றைப் பின்பக்கம் வைத்து, அதன்மேல் கனமான சுத்தியலை ஒருவர் அணைகொடுத்துப் பிடிக்கட்டும். முன்பக்கம் பஞ்ச் வைத்து அடித்தால் தண்டு நேராக நட்டுக்குள் விழும். பிடிவாதமாக நின்றால், உங்கள் ஸ்பிரேக்கு இங்கேதான் வேலை. அடித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள்.

கண்ணுக்குச் சேஃப்டி கண்ணாடி போடாமல் இதில் எதையும் செய்யாதீர்கள். ரிவெட் தலை தெறித்து வரும். கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றாதீர்கள். பொறி விழும் பக்கம் காயும் துணியோ, பெட்ரோல் வண்டியோ இருக்கக் கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈய அளவைக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயின்ட் தூளில் ஈயம் இருக்கலாம் என்பதால் முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள், தூளை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

புதுத் தகடு பூட்டும்போது கடலோர ஊர் என்பதை மனதில் வையுங்கள். வெறும் இரும்பில் அலுமினிய ரிவெட் அடித்தால், உப்புக் காற்றின் ஈரத்தில் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். இரும்பு பாப் ரிவெட்டே வாங்குங்கள். சட்டத்தின் பிசிறை அரத்தால் எடுத்து, ஓட்டைகளின் உள்விளிம்பு உட்பட ரெட் ஆக்சைடு (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) பூசி நன்றாகக் காயவிடுங்கள். தகட்டின் உள்பக்கத்துக்கும் பூச்சு வேண்டும். தகடும் ஆங்கிளும் ஒட்டும் இடுக்கில் தண்ணீர் தங்கித்தான் பழையது போயிருக்கும். பிறகு தகட்டை இரண்டு மூலையில் போல்ட் போட்டு நிறுத்தி, சட்டத்தின் பழைய ஓட்டைகள் வழியாகவே தகட்டில் துளையிடுங்கள். 4 மி.மீ. ஓட்டை தளர்ந்திருந்தால் 4.9 மி.மீ. பிட்டால் விரித்து 4.8 மி.மீ. ரிவெட் போடலாம். தகடு 1 மி.மீ., ஆங்கிள் 3 மி.மீ. என்றால் 10 மி.மீ. நீள ரிவெட் சரியாக இருக்கும். அதைவிடவும் ஓட்டை பெரிதாகிவிட்ட இடத்தில் வாஷர் வைத்து நட்-போல்ட் போடுவதே நல்லது. அடித்து முடித்ததும் ஒவ்வொரு தலையின் நடுக்குழியிலும் ஒரு சொட்டு சிலிகான் வைத்து மூடிவிடுங்கள், மழைநீர் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கும்.