"வீகன் மை" என்று சொல்லிக் குத்திய பச்சையில் எலும்புக் கரி: சட்டம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

கேள்வி: நான் ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவள், கண்டியில் வேலை பார்க்கிறேன். அப்பா இறந்த நாளிலிருந்து இறைச்சி, மீன், முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. அவருடைய பெயரைக் கையில் பச்சை குத்திக்கொள்ள விரும்பி, விலங்குப் பொருள் கலக்காத, விலங்குகளில் பரிசோதிக்காத மைதான் வேண்டும் என்று ஒரு நிலையத்திடம் வட்ஸ்அப்பில் முன்கூட்டியே கேட்டேன். "முழுக்க வீகன் இங்க், குரூவல்டி ஃப்ரீ" என்று பதில் வந்தது. மொத்தம் 28,000 ரூபாய். அதில் 6,000 ரூபாய் "வீகன் இங்க்" என்று பற்றுச்சீட்டில் தனியாக எழுதப்பட்டுள்ளது. குத்தி ஒன்பது வாரங்களாகின்றன. அன்று எடுத்த படத்தை அண்மையில் பெரிதாக்கிப் பார்த்தபோது போத்தலில் 77267 என்ற எண் இருந்தது. அது எலும்புக் கரி என்று பிறகு அறிந்தேன். கேட்டதற்கு, இறக்குமதி செய்தவர் சொன்னதையே தாங்களும் சொன்னதாகக் கூறுகிறார்கள். ஐயா, நான் பொலிஸுக்குப் போகலாமா? எழுத்தைச் சுற்றி வர வேண்டிய இலை வேலைப்பாடு இன்னும் பாக்கி இருக்கிறது. அதை வேறிடத்தில் செய்வதானால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மனவேதனை எனக்குப் புரிகிறது. உணவில் விலக்கிய ஒன்று, கேட்டு உறுதிப்படுத்திய பிறகும் தோலுக்குள் போய்விட்டது என்பது சிறிய விடயமல்ல. ஆனால் உங்கள் விரதத்துக்கு நேர்ந்த காயத்தை மட்டும் வைத்து இந்த முறைப்பாட்டை நடத்த முடியாது. பணம் வாங்கும் முன் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதியின் மீதுதான் அதை நிறுத்த வேண்டும். அந்த வாக்குறுதி எழுத்தில் இருப்பதால் உங்கள் நிலை பலமானது.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். நிறமிகளுக்கு உலகளவில் வழங்கும் எண் வரிசையில் 77266 என்பது எண்ணெய் அல்லது வாயுவை எரித்துப் பெறும் கார்பன் கறுப்பு. 77267 என்பது விலங்கு எலும்புகளை மூடிய கலத்தில் எரித்துப் பெறும் கரி. ஓர் இலக்கம்தான் வேறுபாடு. இன்றைய கறுப்பு மைகளில் பெரும்பாலானவை முதலாவதைத்தான் கொண்டிருக்கின்றன என்பதால், படத்தில் தெரிவது 6 அல்ல, 7 தான் என்பதை ஐயமற உறுதிசெய்யுங்கள். மூலப் படத்தை அழிக்கவோ திருத்தவோ வேண்டாம். உங்கள் கையும் திறந்த போத்தலும் மை ஊற்றிய சிறு கிண்ணமும் ஒரே படத்தில் இருந்தால், அதே மைதான் உங்கள் தோலில் ஏறியது என்று காட்டுவது எளிதாகும். எதிர்த்தரப்பு முதலில் மறுக்கக்கூடியதும் அதைத்தான்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது வழிநடத்தக்கூடிய நடத்தையில் ஈடுபடுவதைத் தடைசெய்கிறது. 31 ஆம் பிரிவு, பொருள் ஒன்றின் தரம், சேர்மானம் போன்றவை பற்றிப் பொய்யான கூற்றுச் செய்வதைத் தடைசெய்கிறது. "முழுக்க வீகன்" என்பது சேர்மானம் பற்றிய கூற்றே. 32 ஆம் பிரிவோ, நுகர்வோர் தமக்கு என்ன நோக்கத்துக்காகச் சேவை தேவை என்பதை முன்பே தெரியப்படுத்தியிருந்தால், அந்தச் சேவையோடு வழங்கப்படும் பொருளும் அந்த நோக்கத்துக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் உள்ளடங்கியிருப்பதாகக் கொள்கிறது. நீங்கள் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி அந்தத் தெரியப்படுத்தல்தான்.

பற்றுச்சீட்டில் 6,000 ரூபாய் தனியாக எழுதப்பட்டிருப்பதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பச்சை குத்துவது சேவை மட்டுமே, பொருள் விற்பனையல்ல என்று நிலையத்தார் வாதிடலாம். உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றிய முறைப்பாட்டை விசாரித்து, நட்டஈடு வழங்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிட 13 ஆம் பிரிவு அதிகாரசபைக்கு அதிகாரம் அளிக்கிறது. மைக்குத் தனி விலை வாங்கப்பட்டிருப்பதால், அது உங்களுக்கு விற்கப்பட்ட பொருள் என்று அந்த வாதத்துக்குப் பதில் சொல்லலாம்.

இந்த முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஏறத்தாழ நான்கு வாரங்களே உள்ளன. கண்டி கச்சேரியிலுள்ள (மாவட்டச் செயலகம்) அதிகாரசபை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 1977 என்ற தொலைபேசி எண்ணிலும் விபரம் கேட்கலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்வது அரசியலமைப்பு தரும் உரிமை. சிங்களத்தில் எழுதிக் கொண்டுவரச் சொல்லி யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. இலத்திரனியல் பதிவுகளைச் சான்றாக ஏற்க 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் இடமளிப்பதால், வட்ஸ்அப் உரையாடலைத் திகதியோடு அச்சிட்டு இணையுங்கள். தொலைபேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

"குரூவல்டி ஃப்ரீ" என்ற சொல்லை முறைப்பாட்டின் மையமாக்க வேண்டாம். நம் சட்டத்தில் அதற்கு வரைவிலக்கணம் இல்லை. வீகன் என்பது மைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியது. மற்றது, அந்த மையை விலங்குகளில் பரிசோதித்தார்களா என்பதைப் பற்றியது. உங்கள் கையிலுள்ள சான்று முதலாவதைத்தான் நிரூபிக்கிறது. 1907 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டமும், விலங்குக்கு நேரடியாகச் செய்யப்படும் கொடுமையைப் பற்றியதேயன்றி, பொருள் விற்பனையில் சொல்லப்படும் பொய்யைப் பற்றியதல்ல.

பொலிஸுக்குப் போவதை இப்போதைக்குத் தவிருங்கள். தண்டனைச் சட்டக் கோவையின்படி ஏமாற்றுதல் குற்றமாக வேண்டுமானால் வஞ்சக எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும். இறக்குமதியாளரை அவர்கள் உண்மையாகவே நம்பியிருந்தால் அது குற்றமாகாது. ஆனால் தவறாக வழிநடத்தியது பற்றிய 30 ஆம் பிரிவுக்கு அந்த நம்பிக்கை போதிய பதிலாகாது என்பதே என் கருத்து. குடியியல் வழக்குத் தேவைப்பட்டால் வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டுகளும், தீங்குக்கான நட்டஈட்டுக்கு இரண்டு ஆண்டுகளும் கால எல்லை உண்டு. இவ்வளவு தொகைக்கு மத்தியஸ்த சபைக்குத்தான் முதலில் போக வேண்டியிருக்கும். நிலையத்தின் பெயரைப் பேஸ்புக்கில் போட்டு எழுதாதீர்கள். அவதூறு 2002 இல் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டாலும், அதற்காக நட்டஈடு கேட்டு உங்கள் மீது வழக்குத் தொடரலாம்.

இனி மிச்ச வேலைக்கு வருகிறேன். நம் பாட்டிமார் கையிலிருந்த பச்சை, விளக்குக் கரியும் இலைச்சாறும் சேர்த்துக் குத்தியது. அதில் என்ன கலந்தது என்பது குத்தியவருக்கும் குத்திக்கொண்டவருக்கும் கண்முன்னே தெரிந்தது. இன்று அந்த அறிவு போத்தலின் பின்புறப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. ஆகவே முற்பணம் கொடுக்கும் முன், மையின் பெயர், தொகுதி எண், சேர்மானப் பட்டியல் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். 77267 மட்டுமல்ல, கொச்சினீல் பூச்சியிலிருந்து பெறும் சிவப்பான 75470 உம், பூச்சியிலிருந்து பெறும் அரக்கும், விலங்குத் தோல், எலும்பிலிருந்து பெறும் ஜெலட்டினும் இருக்கக் கூடாது. கிளிசரின் என்ற சொல் தனியாக இருந்தால் அது தாவர எண்ணெயிலிருந்து வந்ததா விலங்குக் கொழுப்பிலிருந்து வந்ததா என்பது பட்டியலிலிருந்து தெரியாது. உற்பத்தியாளரின் எழுத்து உறுதி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 4 முதல் பச்சை மைகளிலுள்ள ஆயிரக்கணக்கான இரசாயனங்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. அது உடல்நலப் பாதுகாப்புக்கான விதி. அதற்கு இணங்கியது என்று எழுதியிருப்பதால் மட்டும் மை வீகனாகிவிடாது.

மையோடு நின்றுவிடவும் கூடாது. குத்திய பின் பூசும் களிம்பில் தேன்மெழுகோ, ஆட்டு மயிரிலிருந்து எடுக்கும் லனோலினோ இருப்பது சாதாரணம். அதை நீங்களே வாங்கிக் கொண்டு போகலாம். பற்றுச்சீட்டில் மையின் பெயரையும் "விலங்குப் பொருள் அற்றது" என்ற சொற்களையும் எழுதச் சொல்லுங்கள். முத்திரை உடைக்காத போத்தலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லி, ஊசி தொடும் முன் அதன் பின்புறத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.