படிக்கும்போது புரிகிறது, தேர்வில் எழுத வரவில்லை. எப்படிப் படிப்பது?

நோட்ஸை நாலைந்து தடவை புரட்டியும் தேர்வில் பேனா ஓடவில்லை என்கிறீர்கள். தடவையைக் கூட்டிப் பயனில்லை. திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும், பழகியதைத் தெரிந்ததாக நம்பிவிடுவோம். தேர்விலோ எதிரே இல்லாததை எடுத்து எழுத வேண்டும். பயிற்சியும் அதற்குத்தான் தேவை.

ஒரு தலைப்பு முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள். உதாரணமாக, பாயும் திரவத்தின் அழுத்தம், வேகம், உயரம் மூன்றையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாடு. சமன்பாடு மடமடவென்று வந்துவிடும். எந்த நிபந்தனைகளில் அது செல்லும் என்று எழுதப்போனால்தான் கை நிற்கும்: சீரான ஓட்டம், மாறாத அடர்த்தி, உராய்வு இழப்பு இல்லை, ஒரே ஓட்டக்கோடு. விட்டுப்போனதை நோட்டைப் பார்த்துச் சிவப்பு மையில் சேருங்கள். அடுத்த முறை அந்தச் சிவப்பிலிருந்து ஆரம்பித்தால் போதும். முதல் தடவை தாளில் பாதிக்குமேல் சிவப்பாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்து, மூன்று சுற்று பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. முந்தின நாள் ராத்திரி புரட்டும்போது எல்லாம் தெரிவதுபோல் இருப்பதும் அந்த ஐந்து நிமிடக் கணக்குதான்.

எழுதிப் பார்ப்பதை ஒரே நாளில் குவிக்காதீர்கள். அன்றைக்கு ஒருமுறை, மூன்று நாள் விட்டு, பிறகு ஒரு வாரம் விட்டு. கொஞ்சம் மறந்தபிறகு முக்கி முனகி எடுப்பதுதான் மனதில் நிற்கிறது. கணக்குப் பாடமென்றால் ஒரே மாதிரிக் கணக்குகளை வரிசையாகப் போடாமல் கலந்து போடுங்கள். எந்தச் சூத்திரம் என்று வினாத்தாளில் யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

ஹைலைட்டர் உங்கள் இஷ்டம், அதைப் படிப்பில் சேர்க்காதீர்கள். 25 நிமிடமா 50 நிமிடமா என்று டைமர் ஆராய்ச்சியும் வேண்டாம், போனை அடுத்த அறையில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. குரூப் ஸ்டடி செய்தால், ஒருவர் கேட்க மற்றவர் பார்க்காமல் விளக்க வேண்டும்.

தேர்வு நாளைக்கே என்றால், பழைய வினாத்தாள் ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் விடையின் எலும்புக்கூட்டை மட்டும் பார்க்காமல் எழுதி, நின்றுபோன இடங்களை மட்டும் படித்துவிட்டுத் தூங்கப் போங்கள்.